பலராமுக்கு எந்த ஊர்?

ராஜபாளையத்து நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுபவர், நல்ல வாசகர். தாளின் தலையில் ‘தமிழ்க் காற்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம்’ என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார். கீழே பதினொரு பெயர்கள். ஓய்வுபெற்றுவிட்ட ஆட்டக்காரர்களில் யாருக்கு அந்தப் புகழ்மண்டபத்தில் இடம் உண்டு என்பது அவருடைய பல வருட யோசனை. அப்படியொரு மண்டபத்தை யாரும் கட்டப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். பட்டியல் போடுவதற்கு மண்டபம் எதற்கு? க.நா.சு. எந்த மண்டபத்தை நம்பிப் பட்டியல் போட்டார்?

பட்டியலைப் படித்து முடித்தபோது எனக்கு இரண்டு அதிர்ச்சிகள். முதலாவது, அதில் துளசிதாஸ் பலராமின் பெயர் இல்லை. இரண்டாவது, பதினோராவது பெயர் என் தாய்மாமாவுடையது.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. நேரில் பேசும்போது அவர் மூத்தவர், நான் இளையவன். குரலை உயர்த்த முடிவதில்லை. ஆகவே என் தரப்பை இங்கே எழுதிவைக்கிறேன். அவர் தரப்பையும் முடிந்தவரை நேர்மையாகவே சொல்கிறேன். ஏனெனில் அது அவருடைய தரப்பு மட்டுமல்ல. இந்த நாட்டில் விருதுக்குழுக்கள் பெரும்பாலும் அப்படித்தான் யோசிக்கின்றன.

அவர் மூன்று விதிகள் வைத்திருந்தார். ஒன்று, தமிழ்நாட்டில் பிறந்திருக்க வேண்டும் அல்லது சந்தோஷ் கோப்பையில் நம் மாநிலத்துக்காக ஆடியிருக்க வேண்டும். இரண்டு, இந்திய அணியில் இடமோ தேசிய விருதோ பெற்றிருக்க வேண்டும். மூன்று, “நானோ எனக்குத் தெரிஞ்சவங்களோ அவங்க ஆட்டத்தைக் கண்ணால பார்த்திருக்கணும் தம்பி. கேள்விப்பட்டதை வச்சுப் பட்டியல் போடக்கூடாது.”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த மூன்று விதிகளும் சேர்ந்து யாரை வெளியே தள்ளுகின்றன என்று பார்த்தால்தான் அவற்றின் விபரீதம் புரியும்.

பலராம் 1936-இல் செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஹைதராபாத்தில் ஆட்டம் கற்றார். பிறகு கல்கத்தா சென்றார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். 1961-இல் கிழக்கு வங்காளக் கழகமாகிய ஈஸ்ட் பெங்காலின் தலைவர். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் முன்வரிசையில் ஒருவர். அதே வருடத்தின் அர்ஜுனா விருது அவருக்கு. அடுத்த வருடமே, இருபத்தேழு வயதுகூட நிறையாத நிலையில், நுரையீரல் உறையில் வந்த நோயால் ஆட்டத்தை விட்டார். வங்காளத்திலேயே தங்கி, ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தர்பாராவில் வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16-இல் காலமானார்.

சூனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம். இந்தியக் காற்பந்தின் மும்மூர்த்திகள் என்று இவர்களைச் சொல்வது வழக்கம். சூனிக்கு 1983-இல் பத்மஸ்ரீ. பி.கே.வுக்கு 1990-இல் பத்மஸ்ரீ. மூன்றாமவருக்குக் கடைசிவரை இல்லை. மும்மூர்த்திகளில் இருவருக்குக் கோயில் கட்டிவிட்டு ஒருவரைத் தெருவில் நிறுத்திய கதை நம் புராணத்திலேயே உண்டு, பிரம்மாவுக்குக் கோயில் இல்லை. ஆனால் அங்கே அவர் பொய் சொன்னதாக ஒரு காரணமாவது சொல்கிறார்கள். இங்கே பலராம் செய்த பிழை என்ன?

எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். அவர் யாருடைய ஆளும் இல்லை. ஹைதராபாத்துக்காரர்களுக்கு அவர் கல்கத்தாவுக்குப் போய்விட்டவர். வங்காளத்துக்கு அவர் தெற்கிலிருந்து வந்தவர். தமிழ்நாட்டுக்கு அவர் இங்கே பிறக்கவே இல்லை. நம் நாட்டில் புகழைப் பரிந்துரைப்பது பெரும்பாலும் மாநிலங்கள், மாநிலச் சங்கங்கள், அந்தந்த ஊர்ப் பத்திரிகைகள். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் போலத்தான் அவர் நிலை. உயிரோடு இருக்கிறார், எல்லோருக்கும் தெரிகிறது, ஓட்டு மட்டும் இல்லை.

நண்பரின் முதல் விதி இதையே திரும்பச் செய்கிறது. டெல்லி செய்த அநியாயத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுபவர், தம் கையால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதும்போதும் அதே கம்பிவேலியைப் போடுகிறார்.

பீட்டர் தங்கராஜ் விஷயம் இன்னும் விசித்திரம். தாளின் அடியில், கோட்டுக்குக் கீழே, கேள்விக்குறியோடு அவர் பெயர் இருந்தது. பிறந்தது ஹைதராபாத் என்பதால் கேள்விக்குறி. ஆனால் அவரை உருவாக்கிய இடம் எது? நீலகிரியில், வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம். மைய முன்னாட்டக்காரராகத் தொடங்கியவரைக் கோல்காப்பாளராக மாற்றியது அந்தப் படைமுகாமின் மைதானம். அந்த மையத்தின் அணி 1955-இலும் 1958-இலும் டூராண்டு கோப்பையை வென்றது. ஊட்டிக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு முகாம், இந்தியாவின் மிகப் பழைய காற்பந்துக் கோப்பையை இருமுறை தூக்கியிருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மெல்போர்னுக்கும் ரோமுக்கும் போனவர் தங்கராஜ். ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2–1 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் கம்பங்களுக்கு நடுவே நின்றவர். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். 2008-இல் பொகாரோவில் இறந்தார். ஹைதராபாத், வெலிங்டன், கல்கத்தா, பொகாரோ. இவரும் முகவரி மாறிக்கொண்டே இருந்தவர்தான். கேள்விக்குறி அவர் பெயருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதா, நம் விதிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதா?

நண்பர் ராஜபாளையத்துக்காரர் என்பதால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஊர் என்பதைப் பற்றி அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் கதையைக் காவியமாக்கியவர் துங்கபத்திரைக் கரையில் விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர். எழுதிய மொழி தெலுங்கு. நூல் ‘ஆமுக்தமால்யதா’. சூடிக் கொடுத்தவள் என்பதைத்தான் அந்தத் தலைப்பு சொல்கிறது. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் மு.கு. ஜகந்நாதராஜா, நண்பரின் ராஜபாளையத்துக்காரர், நண்பரைப் போலவே வீட்டில் தெலுங்கு பேசியவர். எங்கள் ஊரில் தொடங்கி, விஜயநகரம் போய், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள பக்கத்து ஊர் வழியாக ஒரு கதை வீடு திரும்பியிருக்கிறது. இதில் எந்தக் கட்டத்திலாவது யாராவது பிறப்புச் சான்றிதழ் கேட்டார்களா? ஒரு பாவையின் புகழுக்கு மாநில எல்லை தேவைப்படவில்லை. ஒரு பந்தாட்டக்காரனுக்கு மட்டும் ஏன் தேவைப்படுகிறது?

வங்காளிகள்கூட இந்த விஷயத்தில் ஒரு காலத்தில் தாராளமாக இருந்திருக்கிறார்கள். 1949 முதல் சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய ஐவரைப் பஞ்ச பாண்டவர் என்று அழைத்தார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தெற்கத்தியர். கல்கத்தா மைதானத்து ரசிகன் அவர்களுக்குத் தன் மகாபாரதத்திலிருந்து பெயர் எடுத்துக் கொடுத்தான். நாமோ நம் மொழியில் பெயர் வைத்திருப்பவரையே அந்நியர் என்கிறோம்.

இரண்டாவது விதி, விருதும் தேசிய அணித் தொப்பியும். இதில் ஒரு சோம்பேறித்தனம் இருக்கிறது. அர்ஜுனா விருது தொடங்கியதே 1961-இல். அதற்கு முன் ஆடி முடித்தவர்களை எந்தக் கணக்கில் வைப்பது? 1956 டிசம்பர் 1-ஆம் தேதி மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை இந்தியா 4–2 என்று வென்ற ஆட்டத்தில் நெவில் டிசௌசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் காற்பந்தில் ஓர் ஆசியர் அடித்த முதல் மும்முறை கோல் அது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம். அந்த டிசௌசாவுக்கு அர்ஜுனாவும் இல்லை, பத்மமும் இல்லை. விருதை அளவுகோலாக வைத்தால் அன்று ஆஸ்திரேலிய வலைக்குள் விழுந்த பந்துகள் விழவே இல்லை என்று சாதிக்க வேண்டியிருக்கும்.

இன்னும் பின்னால் போகலாம். 1948 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக். பிரான்சுக்கு எதிராக இந்தியா 1–2 என்று தோற்ற ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள் என்பதை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டு பெனால்டிகளை வீணடித்ததையும் சிலர் சொல்வார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் பெயர் சாரங்கபாணி ராமன், மைசூர் அணிக்காரர். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர். சாரங்கபாணி என்ற பெயரைக் கேட்டால் கும்பகோணத்துக் கோயில் நினைவுக்கு வராத தமிழன் உண்டா? எங்கள் பட்டியலில் அவர் இருக்க வேண்டுமா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. ஆனால் விவாதத்துக்குக்கூட அவர் பெயர் வரவில்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

மூன்றாவது விதியைப் பற்றி நண்பர் மிகவும் பெருமை கொண்டிருந்தார். கண்ணால் கண்டதே சாட்சி. பலராமின் ஆட்டம் படச்சுருளில் இல்லை, தங்கராஜ் பந்தைத் தடுத்ததை நாம் பார்த்ததில்லை, ஆகவே தீர்ப்பு சொல்ல முடியாது என்பது வாதம்.

ஓர் இலக்கிய வாசகர் இப்படிச் சொல்லலாமா? கபிலரை நாம் கண்ணால் கண்டோமா? குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்கு ஒரு பாட்டு கிடைத்தது, எழுதியவர் பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் அந்தப் பாட்டைத் தூக்கி எறியவில்லை. அவர் சொன்ன உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று எழுதி உள்ளே வைத்தார்கள். அடையாள அட்டை இல்லாதவரைப் பட்டியலில் சேர்ப்பதற்கு நம் மரபிலேயே வழி இருந்திருக்கிறது.

வெளிநாட்டு உதாரணம்தான் வேண்டுமென்றால் அதையும் தருகிறேன். அமெரிக்காவில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பேஸ்பால் ஆட்டத்துக்கான புகழ்மண்டபம் இருக்கிறது. 1936-இல் முதல் ஐவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓய்வுபெற்று ஐந்து வருடம் கழிந்த பிறகுதான் ஓர் ஆட்டக்காரர் பெயர் வாக்கெடுப்புக்கு வரும். எழுதும் பத்திரிகையாளர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் சம்மதிக்க வேண்டும். இவ்வளவு கறாரான இடம், கறுப்பினத்தவர் தனியே ஆட வேண்டியிருந்த காலத்து வீரர்களை வெகுநாள் ஒதுக்கியே வைத்திருந்தது. 1971-இல்தான் அவர்களுள் சாட்சல் பெய்ஜ் உள்ளே போனார். 2006-இல் ஆய்வாளர்கள் கொண்ட தனிக்குழு பழைய செய்தித்தாள்களையும் ஆட்டக் குறிப்புகளையும் புரட்டி ஒரே தடவையில் பதினேழு பேரைத் தேர்ந்தெடுத்தது. படச்சுருள் இல்லை என்று கைகழுவவில்லை. இல்லாத பதிவைத் தேடுவதும் மண்டபத்தின் வேலை என்று கொண்டார்கள்.

தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1960 ரோம். ஹங்கேரியிடம் இந்தியா 1–2 என்று தோற்றது. அந்த ஒரு கோல் பலராமுடையது. அந்த ஹங்கேரிதான் அந்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது. பிரான்சோடு 1–1, கோல் பி.கே.யுடையது. பெருவிடம் 1–3. ஒலிம்பிக் காற்பந்துப் பிரதான சுற்றில் இந்தியா ஆடிய கடைசி ஆட்டம் அதுவே. ஆகவே அதில் விழுந்த அந்த ஒரு கோல்தான் இன்றுவரை நம்முடைய கடைசி ஒலிம்பிக் கோல். அதை அடித்தவர் பலராம் என்று சில பதிவுகள் சொல்கின்றன. சைமன் சுந்தரராஜ் என்று வேறு சில சொல்கின்றன. இரண்டில் எது சரியானாலும் அடித்தது ஒரு தமிழ்க் கால். ஒரு பாடபேதத்துக்காக வருடக்கணக்கில் சண்டை போடும் நாம், இந்தப் பாடபேதத்தைத் தீர்க்க ஒரு மாலைப்பொழுதாவது செலவிட்டிருக்கிறோமா?

சைமன் சுந்தரராஜ் நண்பரின் தாளில் இருக்கிறார். அதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ‘ரோம் 1960’ என்று மட்டும் குறித்திருக்கிறார். அவரைச் சேர்ப்பதற்கான பெரிய காரணம் வேறொன்று. 1973-இல் எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3–2 என்று வென்று கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. தலைவர் மணி மூன்று கோல்களையும் அடித்தார். அந்த அணியின் பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ். இன்று கேரளத்தில் காற்பந்து எப்படிப்பட்ட பித்தாக இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அந்தப் பித்துக்கு முதல் கோப்பையைக் கொடுத்தவர் தமிழ்நாட்டுக்காரர். நண்பரின் விதிப்படி இது கணக்கில் வராது, ஏனென்றால் அது அடுத்த மாநிலத்துக்குச் செய்த வேலை. என் கணக்கில் அதுதான் முதலில் வரும்.

அப்படியானால் என் விதி என்ன என்று கேட்பார்கள். குறை சொல்பவன் மாற்று சொல்ல வேண்டும். என்னுடையது ஒரே விதி. இவர் பெயரை நீக்கிவிட்டு அந்த ஆட்டத்தின் கதையைச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அவர் நல்ல ஆட்டக்காரர், வாழ்த்துவோம், வெளியே நிற்கட்டும். முடியாது என்றால் அவர் எங்கே பிறந்தார், எத்தனை பதக்கம், எத்தனை விருது என்ற கேள்விகளெல்லாம் பின்னால் வரட்டும்.

பலராமை நீக்கினால் 1956 முதல் 1962 வரையிலான இந்திய முன்வரிசையின் கதை நொண்டுகிறது. தங்கராஜை நீக்கினால் ஜகார்த்தாவும் இல்லை, மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் இல்லை. சைமன் சுந்தரராஜை நீக்கினால் கேரளத்தின் கதைக்கு முதல் அத்தியாயம் இல்லை. இந்த மூவரில் எனக்குத் தயக்கமே கிடையாது.

தயக்கமுள்ள பெயரையும் சொல்லிவிடுகிறேன். ராமன் விஜயன், நம் மாநிலத்து முன்னாட்டக்காரர். தேசியக் காற்பந்து லீக் தொடங்கி இரண்டாவது பருவமான 1997–98-இல் கொச்சி அணிக்காக ஆடி, நாட்டிலேயே அதிக கோல் அடித்தவர். நண்பர் இவரை நான்காவதாக வைத்திருக்கிறார். என் விதிப்படி அந்த லீக்கின் கதையை எழுதும்போதுதான் தீர்ப்பு சொல்ல முடியும். அந்தக் கதையை இன்னும் யாரும் தமிழில் எழுதவில்லை என்பது அவர் குற்றமல்ல, நம் குற்றம். ஆகவே அவர் பெயரை அடிக்கவில்லை, விவாதத்துக்கு வைக்கிறேன். என்னை யாராவது தோற்கடித்தால் சந்தோஷப்படுவேன்.

காத்திருப்பது என்ற விதி எவ்வளவு முக்கியம் என்பதற்கும் ஓர் உதாரணம் கையில் இருக்கிறது. சுனில் சேத்ரி 2024 ஜூனில் குவைத்துக்கு எதிரான ஆட்டத்தோடு இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். கண்ணீர் விடாத ரசிகன் இல்லை. 2025 மார்ச்சில் திரும்பி வந்து ஆடினார். அவசரப்பட்டு மண்டபத்தில் சிலை வைத்திருந்தால் சிலைக்குக் காலணி மாட்டி அனுப்ப வேண்டியிருந்திருக்கும்.

அடுத்து, நண்பர் பதில் சொல்லாமல் நழுவிய ஒரு கேள்வி. பதினொரு பெயர்களில் ஒரு பெண்கூட இல்லை. கேட்டால், “ஓய்வு பெற்றவங்கதானே தம்பி கணக்கு? நம்ம பிள்ளைங்க இப்பத்தானே ஆடுறாங்க” என்றார். பாதி உண்மை. 2018-இல் தமிழ்நாட்டு மகளிர் மணிப்பூரை வென்று முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றார்கள். 2023-இல் ஹரியானாவை வென்று மீண்டும் பெற்றார்கள். சந்தோஷ் கோப்பை ஆண்களைப் பற்றிப் பேசிப் பேசிக் களைத்த நாம், அந்த இரண்டு கோப்பைகளையும் எவ்வளவு கொண்டாடினோம் என்பதை அவரவர் மனசாட்சிக்கு விடுகிறேன். பெண்கள் ஆட்டத்தில் சாந்தி மல்லிக்குக்கு 1983-இல் அர்ஜுனா, ஒய்னம் பெம்பெம் தேவிக்கு 2020-இல் பத்மஸ்ரீ என்று மற்ற மாநிலங்களுக்குச் சொல்லிக்கொள்ளப் பெயர்கள் உண்டு. நம் பெண்கள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அதற்கு வழி, பதினொன்று என்ற எண்ணை ஆண்களால் நிரப்பிக் கதவைச் சாத்துவதல்ல. இடத்தைக் காலியாக வைப்பது.

இதை எங்கள் ஊரில் இருந்துகொண்டு சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. ஆழ்வார்கள் பன்னிருவர் என்று சொல்கிறோம். ஆண்டாளையும் மதுரகவியையும் விட்டுவிட்டுப் பதின்மர் என்று எண்ணும் கணக்கும் ஒன்று வழக்கில் இருந்திருக்கிறது. அந்தக் கணக்குக்கு அதற்கான நியாயங்கள் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் நின்று பாருங்கள். மார்கழியில் தெருத்தெருவாய் யார் பாட்டு ஒலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பட்டியலிலிருந்து அவளை எடுக்கலாம், கதையிலிருந்து எடுக்க முடியாது. நாலாயிரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாதமுனிகள் தொகுத்த பிறகு, பிற்காலத்து இராமாநுச நூற்றந்தாதியும் அதோடு சேர்ந்தது. நல்ல தொகுப்பு கதவைத் தாழிடாது.

இதற்கெல்லாம் நண்பரின் கடைசி அம்பு ஒன்று உண்டு. “நாம ரெண்டு பேர் டீக்கடையில பேசி என்ன ஆகப்போவுது? சர்க்காரா கேக்கப்போவுது?” என்பார். கேட்காது. ஆனால் சர்க்கார் ஒன்றுமே செய்வதில்லை என்பதும் சரியல்ல. கோஷ்ட பால் 1962-இலேயே பத்மஸ்ரீ பெற்றார், 1998-இல் அஞ்சல்தலையும் வந்தது. 2005-இல் ராஜபாளையம் நாய்க்கும் அஞ்சல்தலை வந்தது. எங்கள் பக்கத்து நாய்க்குக் கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை, அது தகுதியான நாய். நாய்க்குக் கிடைத்ததற்குக் காரணம் அதைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்கள் இருந்ததுதான் என்பதைச் சொல்ல வருகிறேன்.

பலராமைப் பற்றிப் பேச யார் இருந்தார்கள்? மொத்தி நந்தி வங்காளத்தில் ‘ஸ்ட்ரைக்கர்’, ‘ஸ்டாப்பர்’ என்று காற்பந்தை வைத்து நாவல்கள் எழுதினார். என்.எஸ். மாதவன் மலையாளத்தில் கொலம்பியாவின் கோல்காப்பாளர் பெயரில் ‘ஹிகிட்டா’ என்ற கதையை எழுதினார். கேரளத்து வி.பி. சத்யன் 2006-இல் நம் சென்னையில்தான் உயிர்விட்டார். அவர் வாழ்க்கையை ‘கேப்டன்’ என்று 2018-இல் மலையாளத்தில் படமாக்கினார்கள். பயிற்சியாளர் ரகீமுக்கு 2024-இல் இந்தியில் ‘மைதான்’ வந்தது. தமிழில் எழுதுகிறவர்கள் கரிசலையும் காவிரியையும் பற்றி எழுதினோம், நல்லது. கரிசலில் பந்து உருளவில்லையா? பஞ்சாலை விசில் ஊதியதும் எண்ணெய்க் கறையோடு மைதானத்துக்கு ஓடியவர்கள் நம் கதைகளில் எங்கே? மண்டபம் கட்ட அரசாங்கம் வேண்டும். கதை எழுத அரசாங்கம் வேண்டாம்.

இனி அந்தப் பதினோராவது பெயர்.

என் தாய்மாமா ராஜபாளையத்தில் ஓர் ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை அணியில் வலது ஓரத்தில் ஆடினார். ஓரக்கோட்டை ஒட்டி அவர் ஓடினால் பந்து கோட்டைத் தாண்டாது, அவரும் தாண்டமாட்டார் என்பார்கள். இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் ஆடுவார். மாவட்டத்தைத் தாண்டி எங்கேயும் ஆடியதில்லை. முழங்கால் போனதும் நிறுத்திவிட்டார். நான் பந்தைத் தொட்டது அவரால். பலராம் என்ற பெயரை முதலில் கேட்டதும் அவரிடம்தான். தகரப்பெட்டியில் 1962 ஜகார்த்தா அணியின் படத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி வைத்திருந்தார். மடித்து மடித்து அது நான்கு துண்டாகிவிட்டது. நான்கையும் சேர்த்துவைத்துக் காட்டுவார்.

நண்பர் அவர் பெயரைச் சேர்த்தது அன்பினால். மாமா இறந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. “நம்ம ஊருக்கு ஒரு இடம் வேணாமா தம்பி? உங்க மாமாவைவிட யாரு இருக்கா?” என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவள் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள். பிறகு, “இருந்துட்டுப் போகட்டுமேடா” என்றாள்.

நான் அடித்துவிட்டேன். என் விதியை வைத்து அடித்தேன். மாமாவை நீக்கிவிட்டு இந்தியக் காற்பந்தின் கதையைச் சொல்ல முடியும். தமிழ்நாட்டுக் காற்பந்தின் கதையைக்கூடச் சொல்ல முடியும். அவரை உள்ளே வைத்தால் பலராம் பக்கத்தில் அவர் உட்கார வேண்டும். அவரே எழுந்து நின்றுவிடுவார். ஊருக்கு ஓர் இடம், சாதிக்கு ஓர் இடம், கட்சிக்கு ஓர் இடம் என்று தொடங்கித்தான் நம் குழுக்களெல்லாம் கெட்டன. அன்புக்கு ஓர் இடம் என்று தொடங்கினாலும் போய்ச் சேரும் இடம் அதுதான். ராஜபாளையத்தின் கதையை எழுதும்போது மாமா முதல் பக்கத்தில் வருவார். அதை நான்தான் எழுத வேண்டும், இன்னும் எழுதவில்லை. பட்டியலில் பெயர் சேர்ப்பது அந்தக் கடனிலிருந்து தப்பிக்க மிகச் சுலபமான வழி.

தாளை நண்பரிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பலராம், தங்கராஜ், சைமன் சுந்தரராஜ் என்று மூன்று பெயர்களை மேலே எழுதி, சாரங்கபாணி ராமன், ராமன் விஜயன் இருவரையும் ஓரத்தில் குறித்து, மற்ற வரிகளை வெறுமையாக விட்டிருக்கிறேன். அவருடைய மீதிப் பெயர்களை இங்கே இழுக்கவில்லை. அவர்களுக்காக வாதாட வேண்டியது அவர் பொறுப்பு, ஒவ்வொருவருக்கும் காரணம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். க.நா.சு.விடம் நமக்கிருந்த ஒரே சண்டை, பட்டியலைத் தந்துவிட்டுக் காரணத்தைத் தரமாட்டார் என்பதுதானே?

நண்பர் தாளை வாங்கிப் பார்த்தார். மாமாவின் பெயர் மேல் நான் இழுத்த கோட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தங்கராஜ் பெயருக்குப் பக்கத்தில் இருந்த கேள்விக்குறியை மட்டும் அடித்தார். பலராம் பற்றி அடுத்த வாரம் பேசலாம் என்று சொல்லிவிட்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினார்.